பாஸானவன் எழுதிய பரீட்சை

யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. அந்த வருஷம் நான் சென்னைப் பட்டணத்திலிருந்த ஒரு வணிகப் பள்ளிக்கு நுழைவுப் பரீட்சை எழுதித் தேறினேன். இரண்டாம் வகுப்பு. தூத்துக்குடியில் எங்கள் தெருக்காரர்கள் அப்படியொரு பரீட்சை இருப்பதையே அதுவரை கேள்விப்பட்டதில்லை. அதனால் இரண்டாம் வகுப்பு என்றால் என்ன என்பதும் அவர்களுக்குத் தெரியாது. எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது, அதுதான் தொல்லை.

முதல் வகுப்பில் தேறியவர்களுக்குப் பகலில் நடக்கும் டிப்ளமா வகுப்பு, கூடவே ஹாஸ்டலில் இடம். இரண்டாம் வகுப்புக்காரர்களுக்குச் சாயங்காலத்தில் நடக்கும் சர்டிபிகேட் வகுப்பு. பகலெல்லாம் எங்காவது வேலை பார்த்து வயிற்றைக் கழுவிக்கொண்டு சாயங்காலம் போய் உட்கார வேண்டும். சென்னையில் எனக்கு வேலை கொடுக்க யார் காத்திருந்தார்கள்? தவிர, எங்கள் ஊர்க் கடற்கரைச் சாலையில் இருந்த கப்பல் ஆபீஸ்களில் சர்டிபிகேட்காரனை ஸ்டூலில் உட்காரவைத்து நாள் பூராவும் பில் எழுதச் சொல்வார்கள் என்றும், டிப்ளமாக்காரனுக்குத்தான் மேஜையும் மின்விசிறியும் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். அந்த ஆபீஸ்களின் ஜன்னல் வழியாக மின்விசிறி சுற்றுவதைச் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உப்புக் காற்றில் பிசுபிசுத்துப்போன சட்டையோடு நிற்பவனுக்குத்தான் அந்த ஆசை புரியும்.

மறுபடி எழுதலாம் என்று பள்ளிக்கூடத்தின் பிராஸ்பெக்டஸில் போட்டிருந்தது. வகுப்பை உயர்த்திக்கொள்ள விரும்புகிறவர்கள் அடுத்த வருஷம் இன்னொரு தடவை உட்காரலாம். ஆனால் கீழே ஒரு வரி இருந்தது. மறுபடி உட்கார்ந்தால் பழைய தேர்ச்சி ரத்து. புதிதாக வாங்குவதுதான் நிற்கும். அதாவது, கையில் இருந்த சாயங்கால வகுப்பும் போய்விடலாம். இந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. படித்துப் படித்து அதன் அர்த்தம் மாறாதா என்று பார்த்தேன். மாறவில்லை. ஆனாலும் எழுதுவது என்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு ஒரு வருஷம் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

அய்யாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. துறைமுகத்துக்குப் போகிற வழியில் எங்களுக்கு ஒரு கடை. தேங்காய், கருப்பட்டி, கயிறு, கொழும்புக்குப் போகிற தோணிகளுக்கு வேண்டிய பலசரக்கு. அய்யா ஓலைப்பெட்டியில் கருப்பட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் கை நின்றது.

"பாஸுன்னுதானலே சொன்ன?"

"பாஸ்தான்."

"பெறவு எதுக்கு மறுபடியும் எழுதணும்ங்கே?"

முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று விளக்கினேன். அவருக்கு விளங்கட்டும் என்று ரயிலை உதாரணம் காட்டினேன். ரயிலில் முதல் வகுப்பு இருக்கிறது, மூன்றாம் வகுப்பு இருக்கிறது, அந்த மாதிரி என்றேன். மூன்றாம் வகுப்புப் பெட்டியும் அதே நேரத்துக்குத்தான் மணியாச்சி போய்ச் சேருகிறது என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. சத்தம் போட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிய்யா. எழுது. நல்லா எழுது" என்றார். வழக்கமாக என்னிடம் பேசுகிற குரல் இல்லை அது, அவ்வளவு மெதுவாக இருந்தது. என் வாதம் ஜெயித்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

முதலில் எதில் மதிப்பெண் போயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று தாள்கள்: இங்கிலீஷ், வியாபாரக் கடிதம், வியாபாரக் கணக்கு. இங்கிலீஷில் போயிருக்கும் என்பது என் சந்தேகம். கணக்கைப் பற்றிச் சந்தேகமே இல்லை. கடைக்காரன் மகனுக்குக் கணக்கா வராது? நாசரேத்திலிருந்து வந்து எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வாத்தியாரிடம் சனிக்கிழமை மத்தியானங்களில் போக ஆரம்பித்தேன். ஒழுங்கான மனிதர். பழைய மூன்று தாள்களையும் ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதிக் காட்டச் சொன்னார். இங்கிலீஷைப் படித்துப் பார்த்து, பரவாயில்லை என்றார். கடிதத்தையும் அப்படியே சொன்னார். கணக்கைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

ஒரு வியாபாரி ஐந்நூறு தேங்காய் வாங்குகிறான், இன்ன விலைக்கு, விற்கிறான், இன்ன விலைக்கு, லாபம் என்ன? இதுதான் கேள்வி. நான் ஐந்நூற்று முப்பது தேங்காயை விற்றிருந்தேன்.

"தம்பி, இந்த முப்பது தேங்காய் எங்கேயிருந்து வந்துச்சு?"

"லாபக்காய் சார்" என்றேன். எங்கள் கடையில் நூறு தேங்காய் வாங்கினால் நூற்றாறு வரும். அந்த ஆறும் லாபக்காய். கேட்டு வாங்குவதில்லை, சொல்லிக் கொடுப்பதில்லை. ஏரல் சந்தையிலிருந்து வண்டியில் காய் வந்து இறங்கும்போதே நூறு என்ற சொல்லுக்குள் அந்த ஆறும் இருக்கும். வாத்தியார் சிரிக்கவில்லை. பரீட்சைத் தாளில் வருகிற வியாபாரிக்கு லாபக்காய் தெரியாது, அவன் நூறு என்றால் நூறுதான் வாங்குவான் என்று மட்டும் சொன்னார். அடுத்த கணக்கைப் பார்த்தோம். கருப்பட்டி. எடையில் ஓலைப்பெட்டிக்கு என்று கழித்திருந்தேன். கேள்வியில் பெட்டியே கிடையாது. அதற்கடுத்தது அரிசி. அதிலும் ஏதோ ஒரு கை கூடுதலாகப் போட்டிருந்தேன்.

தெரியாததை எழுதித் தப்பாகியிருந்தால் படித்துத் தெரிந்துகொள்ளலாம். இது எனக்குத் தெரிந்தது. நடக்கத் தெரிவது போலத் தெரிந்தது. யோசித்துச் செய்யவில்லை என்பதால், செய்கிறேன் என்பதே தெரியாது. அடுத்த தடவையும் செய்வேன், அப்போதும் தெரியாது. சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இதே நினைப்பு.

பாடத்தைப் படிப்பதை விட்டுவிட்டுக் கடையை மறப்பதுதான் இனி என் படிப்பு என்று ஆயிற்று. மறக்க வேண்டிய இடத்திலேயே நாள் பூராவும் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் சங்கடம். அய்யாவுக்கு என்னை விட்டால் கடையில் ஆள் கிடையாது. கயிற்றுச் சுருள்களுக்குப் பின்னால் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு நூறு என்றால் நூறு என்று கணக்குப் போடுவேன். அதற்குள் யாராவது வந்து நூறு காய் கேட்பார்கள். எழுந்து போய் நூற்றாறு எண்ணிப் போட்டுவிட்டு வந்து மறுபடி உட்காருவேன். காலையில் படித்தது மத்தியானத்துக்குள் கெட்டுப்போகும்.

அந்தப் பதற்றத்தில்தான் ஒரு காரியம் செய்தேன். கடையிலும் புஸ்தகப்படியே எண்ணிப் பழகினால் என்ன என்று தோன்றியது. ஒரு தண்டல், அதாவது தோணி ஓட்டுகிறவர், கொழும்புப் பயணத்துக்குத் தேங்காய் வாங்க வந்து நின்றார். அய்யா கல்லாவில் இருந்தார். நான் காயை எடுத்துப் போட்டு எண்ண ஆரம்பித்தேன். எங்களில் எண்ணும்போது ஒன்று என்று சொல்லுகிற வழக்கம் கிடையாது. முதல் காய்க்கு லாபம் என்று சொல்ல வேண்டும். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். நான் வாய்விட்டு, "ஒண்ணு" என்றேன்.

தெருவில் யாரோ செத்துப்போன செய்தி வந்த மாதிரி அய்யா கல்லாவை விட்டு எழுந்தார். தண்டல் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். கடலுக்குப் போகிறவர், அவருக்கும் அது நல்ல வார்த்தையில்லை. அய்யா என்னைத் திட்டவில்லை. போட்ட காய்களையெல்லாம் திரும்பக் குவியலில் தள்ளச் சொல்லி, தானே குனிந்து முதல் காயை எடுத்து, லாபம் என்று உரக்கச் சொல்லிப் போட்டார். நூற்றாறும் எண்ணி முடிக்கிறவரை நிமிரவில்லை. முதுகு வலிக்காரர். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அழுகையாக வந்தது. ஆனாலும் உள்ளுக்குள், நூறு என்றால் நூறு, நூறு என்றால் நூறு என்று சொல்லிக்கொண்டேதான் நின்றேன். பயம் பிடித்தவனுக்கு வெட்கம் கூட இரண்டாவதுதான்.

காயை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது தண்டல் என் தோளைத் தட்டினார். "வெசனப்படாத தம்பி. எங்க சின்னய்யா மவன் மூணு மட்டம் பெயிலாயி நாலாவது மட்டம் தேறிட்டான். மாதா கோயில்ல ஒனக்கு ஒரு மெழுகுதிரி ஏத்துதேன்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அய்யா முந்திக்கொண்டார். "அவன் பெயிலாகல. போன வருசமே பாஸு" என்றார். தண்டல் மரியாதையாக, அப்படியா அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போனார். நம்பவில்லை என்பது அந்த மரியாதையிலேயே தெரிந்தது.

ஊரில் எல்லாரும் அப்படித்தான். தேறியவன் எவனாவது மறுபடி படிப்பானா? குழாயடியில் அம்மாவிடம் ஆறுதல் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அவள் என்னிடம் சண்டை பிடித்தாள். முடிவெட்டுகிறவர் இந்தத் தடவை ஜெயிச்சிருவீரு என்றார். ஒவ்வொருவரிடமும் இரண்டாம் வகுப்பையும் ரத்தாகிற விதியையும் விளக்கிப் பார்த்தேன். விளக்க விளக்க, பெயிலானவன் சொல்லும் சாக்குப் போலவே அது எனக்கும் கேட்கத் தொடங்கியது. அப்புறம் விட்டுவிட்டேன். அய்யா விடவில்லை. கடைக்கு வருகிற ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரிடமும், என் மகன் போன வருசமே பாஸு என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்காவிட்டாலும் சொன்னார். பெரியதாழையிலிருந்து கருவாடு கொண்டுவருகிற கிழவியிடம் கூடச் சொன்னார். ஏன் இப்படி ஊரைக் கூட்டுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெருமை என்று நினைத்தேன். அந்தப் பெருமை என் தலையில் இன்னும் பாரத்தை ஏற்றியது. இந்த வருஷம் கவிழ்ந்தால் போன வருஷத்து பாஸும் போகுமே, அப்போது இந்த மனிதர் எங்கே முகத்தை வைத்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டே இருப்பேன்.

பரீட்சை பாளையங்கோட்டையில். காலை ரயிலில் போக வேண்டும். அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையைப் பிரிக்கவே இல்லை. மணியாச்சியில் வண்டி மாறுவதற்காக இறங்கி நின்றேன். அப்போதும் திரும்பிப் போய்விட நேரமிருந்தது. உட்காராமல் போனால் பழைய தேர்ச்சி நிற்கும். எதிர்த் தண்டவாளத்தில் தூத்துக்குடி வண்டி கூடத் தயாராக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திருநெல்வேலி வண்டி வந்து, ஜனங்கள் முண்டியடித்ததில் நானும் உள்ளே போய்விட்டேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன்.

இங்கிலீஷும் கடிதமும் நன்றாகவே போயின. மத்தியானம் கணக்கு. முதல் கேள்வியிலிருந்து வாத்தியார் சொன்னபடி ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தேன். கேள்வியில் இல்லாத ஒன்றும் உள்ளே வரக்கூடாது. எழுதியதைத் திரும்பப் பார்த்து, இது கேள்வியில் இருந்ததா என்று என்னையே கேட்டு, சந்தேகம் வந்தால் அடித்தேன். கடைசிக்கு முந்தின கேள்வி, கப்பலில் வந்த கண்ணாடிச் சாமான். அதில் உடைந்துபோனதற்கு என்று நூற்றுக்கு இவ்வளவு கழிக்க வேண்டும் என்று கேள்வியிலேயே இருந்தது. கழித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, கழித்திருப்பதைக் கண்டு பகீரென்றது. மறுபடி கடை புகுந்துவிட்டது என்று அதை அடித்தேன். அடித்துவிட்டுக் கேள்வியைப் படித்தால், கழிக்கத்தான் சொல்லியிருக்கிறது. மறுபடி எழுதினேன். மணி அடித்துத் தாளை வாங்கிக்கொண்டு போகும்போது, கடைசியாக விட்டுவைத்தது கழித்த விடையா, கழிக்காத விடையா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

திரும்பிவந்த வண்டியிலும் அதற்குப் பின் வந்த வாரங்களிலும் இதே கேள்விதான். தாளைக் கண் முன்னால் கொண்டுவந்து பார்ப்பேன். ஒரு நாள் கழித்திருக்கும், மறுநாள் அடித்திருக்கும். கடையில் தேங்காய் எண்ணும்போது பாதியில் எண்ணிக்கை தப்பிவிடும். கழித்த விடைதான் என்று நம்பினால் முதல் வகுப்பு. அடித்ததுதான் என்றால் சாயங்கால வகுப்பும் இல்லை, ஒன்றும் இல்லை, இந்தக் கயிற்றுச் சுருளும் கருப்பட்டியும்தான் என்று பயந்த மனசு கணக்குப் போடும். எனக்குக் கடையைப் பிடிக்காது என்றில்லை. ஆனால் தோற்றுவந்து அதில் உட்காருவது வேறு. யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அய்யா ஒரு தடவை, நல்லா எழுதினியாலே என்று கேட்டார். எழுதினேன் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

முடிவுகள் பத்திரிகையில் நம்பராக வரும். சென்னைப் பத்திரிகை காலை ரயிலில்தான் எங்கள் ஊருக்கு வந்து சேரும். போன வருஷம் அதை வாசகசாலையில் நின்றபடி பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஓடிவந்து வாயால் சொன்னேன். இந்தத் தடவை ஸ்டேஷனிலேயே காசு கொடுத்து வாங்கினேன். பிரிக்கவில்லை. பிளாட்பாரத்தில் நின்று பிரிக்கத் தைரியம் வரவில்லை, வீட்டில் அம்மா முன்னால் பிரிக்கவும் வரவில்லை. கடைக்குக் கொண்டுபோய் அய்யாவின் முன்னால் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும்.

"ஒன் நம்பரு என்ன?" என்றார்.

சொன்னேன். அவர் பத்திரிகையைக் கல்லா மேல் விரித்து, ஆள்காட்டி விரலால் மேலேயிருந்து ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டே வந்தார். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உப்பு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் விரல் நின்றது காதில் கேட்டது போல இருந்தது.

"இங்கன கெடக்கு" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். முதல் வகுப்பு என்ற தலைப்பின் கீழே, மொத்தம் இருந்த சொற்ப நம்பர்களில் என்னுடையது ஒன்று. அங்கேயே கருப்பட்டிப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். கழித்தேனா அடித்தேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அய்யா சந்தோஷத்தில் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் இன்னும் பத்திரிகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் கீழே இறங்கியது.

"இது என்ன, கீழ ஒரு கூட்டம் தனியா போட்டிருக்கான்?"

அது இரண்டாம் வகுப்பு என்றேன்.

"இவனுவளும் பாஸா?"

பாஸ்தான், போன வருஷம் என் நம்பர் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தது என்றேன். அவர் அந்த நம்பர்களை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"அப்பம், போன வருசம் நீ பெயிலாகலியா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அதைத்தானே ஒரு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு இருந்தீர்கள் என்றேன்.

"சொன்னேன். பொய் சொல்லுதோம்னு நெனச்சிக்கிட்டுத்தாம்லே சொன்னேன்" என்றார் அய்யா. "பெயிலானத எங்கிட்டச் சொல்ல மனசில்லாம பாஸுன்னு சொல்லிட்ட, பாவம் பிள்ள, நாம காட்டிக் கொடுக்கப்படாதுன்னு இருந்தேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு வருஷம் ஒரே கூரைக்குள் இருந்துகொண்டு என் வார்த்தையை நம்பவில்லையே இந்த மனிதர் என்று வந்த கோபம். அழுகிய காயைத் தானே எடுத்துக் காட்டி இது வேண்டாம் என்று சொல்லி விற்கிறவர், எனக்காகத் தண்டலிடமும் கருவாட்டுக் கிழவியிடமும் வாய் கூசக் கூசச் சொல்லியிருக்கிறார் என்பது மனதில் இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இறங்கியபோது என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. பத்திரிகையை மடித்துக் கல்லாவுக்குள் வைத்தார்.

அன்று சாயங்காலம் அய்யா கடையை என்னிடம் விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனார். தோணித் துறையில் இருந்த எல்லாரிடமும் பேசிவிட்டு வந்தார் என்று மறுநாள் தண்டல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் வகுப்பைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். என் மகன் போன வருசமே பாஸு என்பதைத்தான் மறுபடி மறுபடி சொன்னாராம்.